குடியேற்றப் பிழைப்பு விளையாட்டுகள்: வரலாறும் தொடக்கப் பாடமும்

குடியேற்றப் பிழைப்பு விளையாட்டு என்பது கணினி விளையாட்டுகளில் ஒரு வகை. ஒரு சிறு மக்கள் கூட்டத்தைப் புதிய இடத்தில் குடியமர்த்தி, அவர்களுக்கு வேண்டிய நீர், உணவு, உறைவிடம், வெப்பம் ஆகியவற்றைத் தேடிக் கொடுத்து, பஞ்சம், நோய், குளிர், பகை ஆகியவற்றிலிருந்து காத்து வளர்ப்பதே இவ்விளையாட்டு. தமிழ்நாட்டு இளைஞர்கள் இதை ‘காலனி சிமுலேஷன்’ அல்லது ‘காலனி சிம்’ என்றே குறிப்பிடுகின்றனர். டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ், பேனிஷ்டு, ரிம்வேர்ல்டு, ஃப்ராஸ்ட்பங்க், ஆக்சிஜன் நாட் இன்க்ளூடெட் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இவற்றில் தனியொரு வீரன் இல்லை. பலவற்றில் வெற்றி என்று ஒரு முடிவும் கிடையாது. குடியேற்றம் அடுத்த ஆண்டும் பிழைத்திருந்தால் அதுவே வெற்றி.

இவ்வகை விளையாட்டின் வேர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் பாடத்தில் இருக்கிறது. தானியத்தில் எவ்வளவை உண்பது, எவ்வளவை விதைப்பது, எவ்வளவைச் சேமிப்பது என்பதே அப்பாடம். ‘இருப்பு முதலில், பெருக்கம் பிறகு’ என்பது அதன் சாரம். இதே கணக்கைத் தொண்டை மண்டலத்து ஏரிக்கரை ஊர்கள் நெடுங்காலம் வாழ்க்கையாகவே நடத்தி வந்தன. அது நடந்த விதத்தையும் பின்னர் தவறிய விதத்தையும் சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் வரலாற்றில் காணலாம்.

பெயர்

‘காலனி’ என்பது இலத்தீன் மொழியின் ‘கொலோனியா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘கொலோனஸ்’ என்றால் உழவன். எனவே உழவர்கள் புது நிலத்தில் குடியேறிய ஊர் என்பதே இதன் முதற்பொருள். ஐரோப்பியர் பிற நாடுகளைப் பிடித்து ஆண்ட காலத்தில், அவ்வாறு பிடிக்கப்பட்ட நாடுகளையும் இச்சொல் குறித்தது. சென்னையில் மனைப்பிரிவுகளும் ஊழியர் குடியிருப்புகளும் ‘காலனி’ எனப் பெயர் பெற்றன. ஊர்ப்புறங்களில் பட்டியலின மக்களின் வாழிடத்தை ஊரிலிருந்து பிரித்துச் சுட்டும் சொல்லாகவும் அது மாறியது. இழிவின் அடையாளமாகவும் வசையாகவும் ஆகிவிட்டதால் இச்சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். இக்கட்டுரை ‘குடியேற்றம்’ என்ற சொல்லையே ஆள்கிறது.

வகுப்பறையில் பிறந்த விளையாட்டு

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட்செஸ்டர் வட்டாரக் கல்வி அமைப்பும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, பள்ளிக் கல்வியில் கணினியைப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தன. அம்முயற்சியில் பங்கு கொண்டவர் மேபல் அடிஸ். இவர் காடோனா என்ற ஊரின் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. பண்டைய சுமேரிய நாகரிகத்தைப் பாடமாகக் கொண்டு இவர் வகுத்த ‘சுமேரியன் கேம்’ 1964-இல் மாணவர்களிடம் சென்றது. ஐபிஎம் நிறுவனத்தின் வில்லியம் மெக்கே அதற்கு நிரல் எழுதினார்.

அக்காலக் கணினி ஓர் அறையை அடைத்து நிற்பது. மாணவர்களுக்குத் திரை கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவியில் கேள்வி அச்சாகி வரும். மாணவர் எண்ணைத் தட்டி விடை தருவார். லகாஷ் என்னும் நகரின் அரசன் லுடுகா என்ற வேடம் மாணவருக்கு. அறுவடையான தானியத்தை உணவுக்கும் விதைக்கும் சேமிப்புக்கும் பங்கிடுவது முதற்பகுதி. மிஞ்சிய தானியத்தைக் கொண்டு கைத்தொழில்களை வளர்ப்பதும் வணிகம் செய்வதும் அடுத்தடுத்த பகுதிகள். தானியம் மிஞ்சாத நாட்டில் குயவனும் இல்லை, கொல்லனும் இல்லை, வணிகனும் இல்லை என்பதை இவ்வரிசை சொல்லாமல் சொல்லிற்று. அந்த நிரல் இன்று கிடைக்கவில்லை. சில அச்சுத் தாள்களும் படவில்லைகளுமே எஞ்சியுள்ளன. ஆயினும் கணினி விளையாட்டு வடிவமைத்த முதற்பெண் என மேபல் அடிஸ் இன்று போற்றப்படுகிறார்.

ஆசிரியர்களின் பங்கு அத்துடன் முடியவில்லை. 1971-இல் மினியாபொலிஸ் நகரில் பயிற்சி ஆசிரியர்களாக இருந்த டான் ராவிட்ச், பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் ஆகிய மூவரும் ‘ஓரிகன் டிரெயில்’ என்ற விளையாட்டை இரண்டு வாரங்களில் உருவாக்கினர். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு மாட்டு வண்டியில் குடிபெயர்ந்த குடும்பங்களின் பயணமே அதன் பொருள். கையிலுள்ள பணத்தில் உணவு, உடை, மருந்து, தோட்டா ஆகியவற்றில் எதை எவ்வளவு வாங்குவது என்பது அதில் முதற் கேள்வி.

ஹமுராபி சொல்லும் கணக்கு

அடிஸின் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமண்ட் என்பவர் 1968-இல் அதன் சிறு வடிவம் ஒன்றை எழுதினார். டேவிட் ஆல் அதை பேசிக் மொழிக்கு மாற்றி, 1973-இல் தாம் வெளியிட்ட கணினி விளையாட்டு நூலில் சேர்த்தார். அந்நூலின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. இவ்வாறு ‘ஹமுராபி’ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அவ்விளையாட்டின் கணக்கை மாணவர்கள் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. இன்றைய பெரிய விளையாட்டுகளின் உள்ளிருப்பதும் இதே கணக்குத்தான்.

தொடக்கத்தில் மக்கள் 100 பேர், நிலம் 1,000 ஏக்கர், களஞ்சியத்தில் 2,800 புஷல் தானியம். (ஒரு புஷல் என்பது ஏறக்குறைய 35 லிட்டர் கொள்ளும் முகத்தல் அளவு.) ஒருவர் ஓராண்டு உண்ண 20 புஷல் வேண்டும். ஓர் ஏக்கருக்கு விதை அரை புஷல். ஒருவரால் பயிரிட இயல்வது 10 ஏக்கர்.

எல்லோருக்கும் உணவளித்தால் 2,000 புஷல் செலவு. எல்லா நிலத்தையும் விதைத்தால் 500 புஷல் செலவு. மீதி 300. விளைச்சலோ ஆண்டுதோறும் மாறும். ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை எதுவும் வரலாம். சராசரியாக 3 வந்தால் 3,000 புஷல் சேர்ந்து களஞ்சியம் 3,300 ஆகும். ஊர் நிமிர்ந்துவிடும். விளைச்சல் 1 மட்டுமே வந்தால் 1,000 புஷல்தான் சேரும். மொத்தம் 1,300. எலிகள் தின்னாமல் விட்டாலும், புதிதாக வந்தோரைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், அது 65 பேருக்கே போதும். அப்படியும் அடுத்த ஆண்டுக்கு விதை இராது. விதைக்கு 500 எடுத்து வைத்தால் 40 பேருக்குத்தான் சோறு. 60 பேர் மடிவர். ஓராண்டில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் பட்டினியால் இறந்தால் அரசன் பதவியிழப்பான், ஆட்டம் முடிந்துவிடும்.

தப்பும் வழி ஒன்று உண்டு. நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத் தானியம் வாங்கலாம். ஏக்கருக்கு 17 முதல் 26 புஷல் வரை கிடைக்கும். மக்கள் பிழைப்பர், வரும் ஆண்டுகளில் விளைநிலம் குறையும். பஞ்ச காலத்தில் நிலத்தை விற்றுப் பிழைத்த குடும்பங்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது வெறும் எண்ணாகத் தோன்றாது. விதை நெல்லைத் தின்பதா, பசியோடு அதைக் காப்பதா என்பது உழவர் வீடுகளில் உண்மையாகவே எழுந்த கேள்வி.

வகுப்பறையிலிருந்து சந்தைக்கு

1980களில் வீட்டுக் கணினிகள் பரவியபின் இவ்வகை விளையாட்டு பொழுதுபோக்காக வளர்ந்தது. 1989-இல் வில் ரைட் உருவாக்கிய ‘சிம்சிட்டி’ ஒரு நகரத்தின் சாலை, மின்சாரம், வரி ஆகியவற்றை ஆள்பவரின் கையில் கொடுத்தது. 1993-இல் ஜெர்மனியில் வெளியான ‘தி செட்லர்ஸ்’ விளையாட்டில், மரம் வெட்டுபவன், அறுப்பவன், சுமப்பவன் என ஒருவர் வேலையை ஒருவர் சார்ந்திருக்கும் சங்கிலி திரையிலேயே தெரிந்தது.

இன்றைய குடியேற்ற விளையாட்டுகளுக்கு நேர் முன்னோடி 2006-இல் வெளியான ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’. டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் சகோதரர்கள் இதை இணையத்தில் இலவசமாகத் தந்து, ஆடுவோரின் நன்கொடையிலேயே பல ஆண்டுகள் வளர்த்தனர். ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியுடன் வந்திறங்கி மலையைக் குடைந்து ஊர் அமைப்பது இதன் தொடக்கம். ‘தோற்பதும் இன்பமே’ என்ற கருத்து இதை ஆடுவோரிடையே பழமொழி போல வழங்குகிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் தன் தொகுப்பில் சேர்த்த கணினி விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

2014-இல் லூக் ஹோடோரோவிச் என்பவர் தனியொருவராக உருவாக்கிய ‘பேனிஷ்டு’ விளையாட்டில் நாடு கடத்தப்பட்ட சில குடும்பங்கள் காட்டோரத்தில் ஊர் அமைக்கின்றன. பகை மன்னரோ படையெடுப்போ இல்லை. குளிரும் பசியும் முதுமையுமே எதிரிகள். டைனன் சில்வெஸ்டரின் ‘ரிம்வேர்ல்டு’ 2013 முதல் முன்வடிவமாக வளர்ந்து 2018-இல் நிறைவு பெற்றது. விண்கலம் விழுந்து தப்பிய மூவருடன் அது தொடங்கும். அதே 2018-இல் போலந்து நாட்டிலிருந்து வந்த ‘ஃப்ராஸ்ட்பங்க்’, உறைபனியில் ஒரு நிலக்கரி உலையைச் சுற்றி வாழும் 80 பேரை ஆடுபவரிடம் ஒப்படைக்கிறது. குழந்தைகளை வேலைக்கு அனுப்பச் சட்டம் இயற்றுவதா என்ற கேள்வியும் அதில் உண்டு. 2019-இல் முழுமையாக வெளியான ‘ஆக்சிஜன் நாட் இன்க்ளூடெட்’ விளையாட்டில் மூச்சுக் காற்றும் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டிய பொருளாகிவிட்டது.

தொடங்குவோர் அறிய வேண்டியவை

விளையாட்டுகள் பலவாயினும் தொடக்கத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத் தோற்கின்றனர். அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்து பாடங்கள் கிடைக்கும்.

முதலாவது, இடம் பார்த்தல். இவ்விளையாட்டுகளில் காலத்தை நிறுத்தி வைக்கும் பொத்தான் உண்டு. தொடங்கியவுடன் அதை அழுத்திவிட்டு, நீர் எங்கே, வளமான மண் எங்கே, மரமும் கல்லும் எவ்வளவு தொலைவில் என்று நிலத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். களஞ்சியத்துக்கும் வயலுக்கும் தொலைவு கூடினால் ஆட்களின் பகல்பொழுது நடையிலேயே கழியும்.

இரண்டாவது, விரைவில் விளையும் உணவு. ரிம்வேர்ல்டில் நெல்லும் உண்டு, மக்காச்சோளமும் உண்டு. நெல் விரைவில் விளையும். மக்காச்சோளத்துக்கு நாள் பிடிக்கும். ஆனால் ஒருமுறை நட்டால் மிகுதியாகத் தரும். தொடக்கத்தில் நெல்லை நட்டுப் பசியைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் உழைப்பை மிச்சப்படுத்தும் பயிருக்கு மாறுவது முறை.

மூன்றாவது, இருப்பு. அறுவடை செய்த உணவை மழையிலும் வெயிலிலும் போட்டால் கெட்டுவிடும். கூரையும் குளிர்ச்சியும் உள்ள களஞ்சியம் அழகான வீட்டுக்கும் முன்பாக எழ வேண்டும். பேனிஷ்டில் விறகு இருப்பு இல்லாத ஊர், தானியம் நிறைந்திருந்தாலும் குளிரில் மடியும்.

நான்காவது, வேலைப் பங்கீடு. எல்லோரும் எல்லா வேலையும் செய்தால் எதுவும் முடியாது. சமைப்பவர், பயிரிடுபவர், கட்டுபவர், மருத்துவம் பார்ப்பவர் என்று அவரவர் திறமைக்கேற்ப முன்னுரிமை குறித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, பெருக்கத்தில் நிதானம். தொடங்குவோர் மிகுதியாகத் தவறுவது இதில்தான். ஆட்கள் கூடினால் வேலை விரைவாகும் என்று எண்ணி, வருவோரையெல்லாம் சேர்த்துக்கொள்வர். உழைக்கும் கைகளுடன் உண்ணும் வாய்களும் கூடும். கைகளின் பயன் அறுவடையில்தான் தெரியும், வாய்களின் பசியோ அன்றே தெரியும். பேனிஷ்டில் வீடுகளை விரைந்து கட்டினால் குழந்தைகள் பெருகி உணவு தீரும். கட்டாமலே விட்டால் இளையோர் குடும்பம் அமைக்க இடமின்றி ஊரே முதுமையடைந்து அழியும். இரண்டுக்கும் நடுவே, களஞ்சியத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கட்டுபவரே நிலைக்கிறார்.

ஏரிக்கரை ஊர்கள்

இந்த ஐந்து பாடங்களும் கணினிக்குப் புதியவை. தொண்டை மண்டலத்துக்குப் பழையவை. இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை அடங்கிய நிலப்பகுதியில் ஆண்டு முழுதும் ஓடும் பேராறு இல்லை. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் மழையை நம்பியவை. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடும். அந்தச் சில நாள் மழையை ஆண்டு முழுவதற்கும் நிறுத்தி வைக்கும் களஞ்சியமே ஏரி.

நிலம் சரியும் பக்கத்தில் மண்ணால் கரை எழுப்பி, வயலுக்கு நீர் விட மதகும், மிகுந்த நீர் வெளியேறக் கலங்கலும் அமைத்தனர். ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் நீர் செல்லும் தொடர் இன்றும் உள்ளது. ஏரியின் கொள்ளளவைப் பார்த்தே ஆயக்கட்டு வகுக்கப்பட்டது. ஆயக்கட்டைப் பொறுத்தே எத்தனை ஏர் உழும், எத்தனை குடி வாழும் என்பதும் அமைந்தது.

ஏரியைக் கட்டியதோடு வேலை முடியாது. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைக் குறிப்பிடுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. அதற்கு உறுப்பினர் அறுவர், பதவிக் காலம் 360 நாள். பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடித் தூர்வாரிக் கரை உயர்த்தினர். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையின் ஏறக்குறைய 2,000 ஊர்களில் எடுத்த கணக்கெடுப்பு, இவ்வூர்களின் நிலம், ஏரி, குடி, தொழில் ஆகியவற்றை ஊர்வாரியாகப் பதிந்துள்ளது. விளைந்த நெல்லைக் களத்தில் பங்கிடும்முன் தச்சன், கொல்லன், வண்ணான், நீர் பாய்ச்சுபவன் முதலியோருக்கு உரிய பங்கு எடுத்து வைக்கப்பட்டதும் அதனால் தெரியவருகிறது. விளையாட்டில் நான்காவதாகச் சொன்ன வேலைப் பங்கீட்டின் நிஜ வடிவம் இது.

வரிசை மாறிய வளர்ச்சி

சென்னை நகரம் பெருகியபோது இந்த ஏரிகளின் பயன் மாறத் தொடங்கியது. 1872-இல் புழல் ஏரியிலிருந்து நகருக்குக் குடிநீர் வந்தது. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. இவற்றில் பெரியது பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம். அது 3,645 மில்லியன் கன அடி கொள்ளும்.

அதே காலத்தில் மேற்குப் பகுதியின் நிலமும் மாறியது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இப்பகுதி வழியே இரயில் பாதை அமைந்திருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஆவடி இராணுவத் தளமாக வளர்ந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்தன. தொழில் வந்தது, தொழிலாளர் வந்தனர், அவர்களுக்கு வீடுகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்த வளர்ச்சி இது. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4,66,205 பேரும், ஆவடியில் 3,45,996 பேரும் இருந்தனர்.

ஆனால் வயல் மறைந்தபோது ஏரியைக் காக்க வேண்டிய ஊரும் மறைந்தது. ஆயக்கட்டு இல்லாத ஏரி வெற்று நிலமாகக் கருதப்பட்டது. வரத்துக்கால்கள் தெருக்களாயின. முகப்பேரில் வீடுகள் நிறைந்த ஒரு பகுதிக்கு ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். மக்கள் முதலில் வந்தனர், வீடுகள் அடுத்து வந்தன, நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்ற கேள்வி கடைசியில் வந்தது. களஞ்சியத்துக்கு முன்னே ஊரைப் பெருக்கும் தொடக்கக்காரரின் தவறுதான் இது.

அதன் விளைவை நான்கே ஆண்டு இடைவெளியில் இருமுறை காண நேர்ந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. உயிர்கள் பல மாண்டன. 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கம் உட்பட நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டன. தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்றன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீருடன் முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆவடியையும் அம்பத்தூரையும் அவற்றின் ஏரிகளையும் கடந்தே அந்த வண்டி வந்தது. அந்நீர் முழுவதையும் அம்பத்தூரின் 2011-ஆம் ஆண்டு மக்களுக்கு மட்டும் பகிர்ந்தாலும் தலைக்கு 5 லிட்டருக்குச் சற்றே கூடுதலாகக் கிடைக்கும். ஒரு குடத்தில் பாதிகூட வராது.

விளையாட்டு காட்டாதவை

இவ்விளையாட்டுகள் எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்று கொள்ளலாகாது. அவை மறைப்பவையும் உள. விளையாட்டில் குடியேறும் நிலம் பெரும்பாலும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். உண்மை உலகில் அத்தகைய நிலம் அரிது. வெற்றிடம் என்று வரைபடத்தில் காண்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலமாகவோ நீர்வரத்தாகவோ இருக்கும்.

விளையாட்டில் களஞ்சியம் எல்லோருக்கும் பொது. பசித்தவர் எடுத்து உண்பார். ஏரிக்கரை ஊர்களில் அப்படி இல்லை. மதகைத் திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சியவர்கள் பல ஊர்களில் சேரியில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களே. ஏரியின் நீர் அவர்கள் கையால் பகிரப்பட்டது. ஊர்க் கிணற்றின் நீர் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஊர் பிழைத்தது என்று எழுதும்போது, ஊரில் யார் எப்படிப் பிழைத்தார் என்ற கேள்வியையும் வரலாறு கேட்க வேண்டும். ‘காலனி’ என்ற சொல்லின் அண்மைக் கால வரலாறு இதனையே நினைவூட்டுகிறது.

விளையாட்டில் தோற்றால் மீண்டும் தொடங்கலாம். தோற்பதும் இன்பம் என்று அங்கே சொல்ல முடிவது அதனால்தான். மூடிய ஏரிக்கு அந்தப் பொத்தான் இல்லை. என்றாலும் முயற்சிகள் நிகழாமல் இல்லை. 2017 முதல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, கரையில் நடைபாதையுடன் இன்று மக்கள் வந்து செல்லும் இடமாகியுள்ளது.

வகுப்பில் பயன்படுத்தும் முறை

இவ்வகை விளையாட்டைக் கற்பிக்க விலையுயர்ந்த கணினி தேவையில்லை. ஹமுராபி கணக்கை ஒரு தாளிலும் ஒரு தாயக் கட்டையிலும் ஆடலாம். 100 பேர், 1,000 ஏக்கர், 2,800 அளவு தானியம் என்று பலகையில் எழுதிவிட்டு, உணவுக்கும் விதைக்கும் எவ்வளவு என்பதை மாணவர் குழுக்கள் தீர்மானிக்கலாம். ஆறு பக்கக் கட்டையை உருட்டி வரும் எண்ணே அவ்வாண்டு விளைச்சல். 6 விழுந்தால் மீண்டும் உருட்ட வேண்டும். பத்து ஆண்டுகள் ஆடி முடிக்க ஒரு பாடவேளை போதும். பல்லாங்குழி ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும்.

அடுத்த வகுப்பில் தானியத்துக்குப் பதில் நீரை வைத்து ஆடலாம். தங்கள் ஊர் ஏரியின் பரப்பையும் கொள்ளளவையும் மாணவரே கேட்டறிந்து வந்து, கட்டையில் விழும் எண்ணை அவ்வாண்டு மழையாகக் கொள்ளலாம். எத்தனை வீடுகளுக்கு அந்த ஏரி தாங்கும் என்ற கேள்விக்கு அவர்கள் போடும் கணக்கு, அடுத்த மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும்போது பெரியவர்கள் போட வேண்டிய கணக்காகும்.